லினக்ஸில் விண்டோஸ் ஓடாதாம்! மல்லாவி பசளைக் கடையிலிருந்து...

வணக்கம் உறவுகளே. வவுனிக்குளத்து மீன் வீடியோ போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன், அது பிறகு வரும். இன்றைக்கு ஒரு விசயம் கதைத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மாமாவின் பசளைக் கடை உங்களுக்குத் தெரியும். அந்தக் கடைக் கொம்பியூட்டருக்கு நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டதற்கே பாதிப் பேர் என்னோடு சண்டை பிடித்தீர்கள். இப்போது காலபோக விதைப்பு நேரம், வாசலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களின் வரிசை. மாமாவின் பில் போடுகிற பழைய மென்பொருளோ விண்டோஸ் 7-இல் மட்டும்தான் ஓடும். மனிசன் என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே சொன்னது: "லினக்ஸில இது ஓடாது ஐயா. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்டோஸ் போடவேணும். 4500 ரூபா."

நாலாயிரத்து ஐந்நூறு! எதற்கு? இருக்கிறதை அழிப்பதற்கு! மாங்குளம் வந்து ஏ9-இல் பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்த காசு வேறு. ஒரு கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டரை ஓட்டுகிற மென்பொருள் வெர்ச்சுவல்பாக்ஸ், அது என்ன விலை தெரியுமா? சும்மா தருகிறார்கள். மின்ட் அப்படியே இருக்க, அதற்குள் ஒரு ஜன்னலில் முழு விண்டோஸும் ஓடும். 4500-ஐ நினைக்க நினைக்க எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சரி, வேலைக்கு வருவோம். மின்டின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது, டெர்மினலில் ஆப்ட் இன்ஸ்டால் வெர்ச்சுவல்பாக்ஸ் என்று அடித்தால் அவ்வளவுதான். அது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் தன்னுடைய மொடியூல், அதாவது ஒரு துணைத் துண்டு, ஒன்றைப் போடும். கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அதைத் திரும்பக் கட்டவேண்டும், அந்த வேலையை டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகவே பார்த்துக்கொள்ளும். அப்படிக் கட்டுவதற்குத் தேவையான கெர்னல் ஹெடர்ஸ் என்ற கோப்புகள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பொறுங்கள், இதற்கு முதல் ஒன்று. கொம்பியூட்டர் தொடங்கும்போது வருகிற பயோஸ் செட்டிங்குக்குள் போய், ஒன்றுக்குள் இன்னொன்றை ஓட்ட ப்ரொசெசர் தருகிற வசதியை (இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம்) இயக்கிவிட்டு வாருங்கள். சில போர்டுகளில் அது அணைந்தே வரும்.

இப்போது எனக்குப் பிடிக்காத கட்டம்: நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடுகிற செக்யூர் பூட் என்ற காவல். கையொப்பம் இல்லாத மொடியூலைக் கெர்னல் உள்ளே விடாது. அதனால் நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும், குறைந்தது 8 எழுத்து. பிறகு ரீஸ்டார்ட் பண்ணினால் ஒரு நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி 10-இலிருந்து கீழே எண்ணும். 10 செக்கன்! அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து "கிருமிநாசினி இருக்கோ?" என்று கேட்க, மாமா குறுக்கே வந்து திரையை மறைத்துக்கொண்டு நிற்கிறார். மாமாவின் கக்கத்துக்குள்ளால் கையை விட்டு அழுத்தினேன், உறவுகளே. பிறகு என்ரோல் மொக் (அந்தக் கையொப்பத்துக்கான சாவியைப் பதிவது), கன்டினியூ, யெஸ், அதே கடவுச்சொல், முடிந்தது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று கீழே எழுதப்போகிறவர்கள் எழுதுங்கள், நான் அணைக்கமாட்டேன்.

அடுத்த வில்லங்கம்: கெர்னல் 6.12-இலிருந்து, வெர்ச்சுவல்பாக்ஸ் செய்கிற அதே வேலைக்கு லினக்ஸிலேயே இருக்கிற கேவிஎம், பூட் ஆகும்போதே விடி-எக்ஸைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாமாவின் பெட்டியில் 6.14. விண்டோஸைத் தொடங்கினால், விடி-எக்ஸ் வேறொருவர் கையில் என்று பிழை காட்டும். மொட்ப்ரோப் கழித்தல் ஆர் கேவிஎம் அடிக்கோடு இன்டெல் என்று அடித்தால் அந்த நேரத்துக்கு விலகும். நிரந்தரமாக நிறுத்த, லினக்ஸைத் தொடக்கிவைக்கிற கிரப்பின் செட்டிங்கில் ஒரு வரி போடவேண்டும், அதைத் திரையில் போட்டிருக்கிறேன்.

பிரிண்டரை மறந்துவிட்டேனே! பில் பிரிண்டர் யூஎஸ்பியில் வருவது. உங்கள் பயனர் பெயரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து, லொக் அவுட் ஆகி வந்தால்தான் விண்டோஸுக்குள் அது தெரியும். இதற்கு எக்ஸ்டென்சன் பாக் என்ற கூடுதல் பொதியைப் போடு என்று சொல்கிற பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். வெர்ச்சுவல்பாக்ஸ் 7.0-இலிருந்து யூஎஸ்பி 2-உம் 3-உம் அடிப்படைப் பொதியிலேயே வருகின்றன. விண்டோஸ் 7-க்கு 2-ஐத் தெரிவுசெய்யுங்கள், 3-க்கான டிரைவர் அதில் இல்லை.

அப்புறம் பார்க்கவேண்டும்! "யூரியா 2 மூடை" என்று துண்டு சுருண்டு வெளியே வர, மாமா கிழித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது எங்கட பழைய பில்தானடா!" என்றார். எனக்கு அது காணும்.

ராம் 8 ஜிபி. அதில் 2 ஜிபிதான் விண்டோஸுக்கு, பில் போட அது தாராளம். எல்லாம் ஓடியவுடன் ஒரு ஸ்னாப்சொட் எடுத்து வைத்தேன், யாராவது கைவைத்துக் கெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால், அதன் நெட்வொர்க்கை செட்டிங்கிலேயே கழற்றிவிட்டேன். மாமாவுக்கு அதில்தான் இப்போது மனவருத்தம், பில் போடுகிற ஜன்னலிலேயே யூடியூப்பும் பார்க்கவேண்டுமாம். மின்ட்டில் பாருங்கள் மாமா, என்னுடைய சனலையும் அதிலேயே சப்ஸ்கிரைப் பண்ணுங்கள், இன்னும் பண்ணவில்லை நீங்கள்.