நன்கொடைக்காக மலையில் நடப்பவர் எங்கே திரும்ப வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மருத்துவமனைக்கோ, ஒரு பள்ளிக்கோ, ஒரு நோய்க்கான ஆராய்ச்சிக்கோ நிதி சேர்ப்பதற்காகப் பதினைந்து இருபது பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து இமயமலையில் பல நாள் நடந்து திரும்பும் வழக்கம் இன்று பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. நடக்கவிருப்பவர் தம் உறவினரிடமும் நண்பரிடமும் உடன் பணியாற்றுவோரிடமும், “நான் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்கப் போகிறேன், அதை முன்னிட்டு இந்த நற்பணிக்கு உங்களால் இயன்றதைக் கொடுங்கள்” என்று கேட்கிறார். கொடுப்பவர்களும் மனமுவந்து கொடுக்கிறார்கள். இத்தகைய குழுக்களோடு மருத்துவராகச் சென்றுவந்தவன் என்ற முறையில், இவ்வாண்டு அப்படி ஒரு குழுவில் சேர எண்ணியிருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்த முயற்சியின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனாலேயே, இதற்கென்றே உரிய ஓர் ஆபத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எவரெஸ்டுக்குத் தெற்கே உள்ள கும்பு பள்ளத்தாக்கில் மலையேற்றமும் கொடையும் நெடுங்காலமாகவே இணைந்து வந்திருக்கின்றன. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயுடன் எவரெஸ்ட் உச்சியை அடைந்த எட்மண்ட் ஹிலாரி, அதன் பின்னர்த் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த மலைக்கு வழிகாட்டிய ஷெர்பா மக்களுக்காகச் செலவிட்டார். அவர் தொடங்கிய இமாலய அறக்கட்டளை 1961இல் கும்ஜுங் கிராமத்தில் பள்ளி ஒன்றைக் கட்டியது. கட்டுமானப் பொருள்களைக் கொண்டுவருவதற்காக 1964இல் லுக்லாவில் சிறிய விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. இன்று அடிவார முகாமை நோக்கிச் செல்வோரில் பெரும்பாலோர் வந்து இறங்குவது அந்த இடத்தில்தான். 1966இல் குன்டே கிராமத்தில் மருத்துவமனை எழுந்தது. 1975இல் காத்மாண்டு அருகே நேர்ந்த விமான விபத்தில் ஹிலாரியின் மனைவியும் இளைய மகளும் இறந்தார்கள். பாப்லு என்னும் ஊரில் மற்றொரு மருத்துவமனையைக் கட்டிக்கொண்டிருந்த அவரிடம் போய்ச் சேர்வதற்காகப் புறப்பட்ட பயணம் அது. அந்தத் துயரத்திற்குப் பிறகும் அவர் அப்பணியைக் கைவிடவில்லை. ஆகவே, கொடைக்காகக் கும்புவில் நடப்பவர் ஒரு பெரிய மரபில் கால் வைக்கிறார் என்று சொல்வதில் மிகை ஏதுமில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் சேருமுன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விமானக் கட்டணம், விடுதி, வழிகாட்டி ஆகிய செலவுகள் எந்தப் பணத்திலிருந்து எடுக்கப்படுகின்றன என்பதாகும். சில ஏற்பாடுகளில் நடப்பவரே தம் செலவை முழுவதும் ஏற்கிறார். வேறு சிலவற்றில் திரட்டிய நிதியிலிருந்தே ஒரு பகுதி பயணத்துக்குப் போகிறது. முதல் முறையே சரியானது என்பது என் துணிபு. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர், கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதை முன்கூட்டியே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

இனி மலைக்கு வருவோம். லுக்லா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாம்சே பஜார் 3,440 மீட்டர், தெங்போச்சே மடாலயம் 3,860 மீட்டர், திங்போச்சே 4,410 மீட்டர், லோபுச்சே 4,900 மீட்டருக்குச் சற்று மேல், கோரக் ஷெப் 5,160 மீட்டர், இறுதியில் அடிவார முகாம் 5,364 மீட்டர் என்று வழி ஏறிக்கொண்டே போகிறது. போகவும் வரவும் சேர்த்துச் சுமார் 130 கிலோமீட்டர். தொலைவை மட்டும் பார்த்தால், நாள்தோறும் நடந்து பழகிய எவருக்கும் இது அஞ்சத்தக்கதன்று. சோதிப்பது உயரம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான் என்றாலும், மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், அடிவார முகாமில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே.

நாள்களைக் கொடுத்தால் உடல் இந்தக் குறைவுக்குப் பழகிக்கொள்ளும். மூச்சு ஆழமாகிறது, சிறுநீரகம் இரத்தத்தின் அமில, காரச் சமநிலையைத் திருத்துகிறது, பின்னர்ச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. நாள்களைக் கொடுக்காவிட்டால் தலைவலி, பசியின்மை, குமட்டல், சோர்வு ஆகியவற்றோடு உயரநோய் தொடங்குகிறது. 3,000 மீட்டருக்கு மேல், இரவில் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்று மலை மருத்துவர்கள் வகுத்திருப்பது இதனால்தான். நாம்சேயிலும் திங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்காத பயணத்திட்டத்தை யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால், அதில் சேர வேண்டாம். அலுவலக விடுப்பு போதவில்லை என்பதற்காக அந்த இரவுகளை வெட்டிவிடும் திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை வெட்டுவோர் எதை வெட்டுகிறார்கள் என்பதை அறியாமலே வெட்டுகிறார்கள்.

உயரநோய் இளைஞரையும் முதியவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மாரத்தான் ஓடுபவருக்கும் அது வரும். சொல்லப்போனால், உடல் வலிமை உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே முதலில் வருவதும் உண்டு. நோய் முற்றினால் இரண்டு வடிவங்களில் உயிரைப் பறிக்கும். ஒன்று மூளை வீக்கம்: நோயாளி தடுமாறி நடப்பார், பேச்சுக் குழறும், எதையும் சரியாக முடிவெடுக்க முடியாது. ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் அவரால் இயலாது. மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், உதடு நீலம் பாரிக்கும். இவ்விரண்டுக்கும் ஆக்சிஜன் உருளை, டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் ஆகிய மருந்துகள், உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டும் பை என்று உதவிகள் இருக்கின்றன என்றாலும், அவை கீழே கொண்டுபோகும் வரை தாக்குப்பிடிக்கச் செய்பவை மட்டுமே. உரிய சிகிச்சை கீழே இறங்குவது. அதுவும் பகலா இரவா என்று பாராமல் இறங்குவது. லேசான நிலையில் கண்டுகொண்டாலோ, அதே இடத்தில் ஓரிரு நாள் ஓய்வெடுத்தாலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். இலேசான தலைவலியை ஒருவர் தொடக்கத்திலேயே சொல்கிறாரா, மறைக்கிறாரா என்பதைப் பொறுத்தே பின்னால் நடப்பது யாவும் அமைகிறது.

மறைப்பவர்கள் யார்? இதற்கு விடை ஓரளவு ஆய்வுகளிலும் கிடைக்கிறது. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நேபாள மலைப்பாதைகளில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், உயரநோயால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களில் சென்றவர்கள் என்று கண்டார்கள். அக்காலத்தில் தனியாகவோ ஓரிரு நண்பர்களோடோ சென்றவர்களே எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும் இந்த நிலை. வழிகாட்டியும் சமையற்காரரும் திட்டமும் இருக்கும் குழுவில்தான் பாதுகாப்பு அதிகம் என்று நாம் எண்ணுவோம். ஆனால் தனியாகப் போகிறவர் தலை வலித்தால் ஒருநாள் தங்கிவிடுகிறார். குழுவில் போகிறவருக்கு அடுத்த ஊரில் அறை பதிவாகியிருக்கிறது, திரும்பும் விமானத்தின் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது, தம்மால் பத்தொன்பது பேரின் பயணம் கெடுமே என்ற கூச்சமும் இருக்கிறது. அதனால் வாய் திறவாமல் மேலே நடக்கிறார்.

நன்கொடைக்காகச் செல்லும் குழுவில் இந்தக் கூச்சத்தின் மேல் மற்றொரு பாரமும் ஏறுகிறது. “இத்தனை பேர் என்னை நம்பிப் பணம் கொடுத்திருக்கிறார்கள், நான் பாதி வழியில் திரும்பினால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?” என்ற எண்ணமே அது. லோபுச்சே விடுதியின் உணவறையில், தட்டிலிருந்த சோற்றைத் தொடாமல், முகம் வெளுத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மையாரிடம் நான் பேச்சுக்கொடுத்தபோது அவர் சொன்னதும் இதுவே. புற்றுநோயால் இறந்த தம் தங்கையின் நினைவாக அவர் நடந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை அவரைக் கீழே உள்ள பெரிச்சே கிராமத்துக்கு இறக்கி அனுப்ப நாங்கள் பட்ட பாடு மருந்து சம்பந்தப்பட்டதன்று. அவருடைய கொடையாளர்கள் எவரும் அவரிடம் உயிரைக் கேட்கவில்லை என்பதை அவர் ஏற்றுக்கொள்ளச் செய்வதில்தான் இரவு முழுவதும் கழிந்தது.

கொடுத்தவர் கொடுத்த நாளிலேயே அந்தப் பணம் மருத்துவமனைக்கு உரியதாகிவிட்டது. நடப்பவர் 5,364 மீட்டரை அடைந்தாலும், 4,400 மீட்டரில் திரும்பினாலும் அதில் ஒரு ரூபாய்கூடக் குறையப்போவதில்லை. இதை மலையில் இருமிக்கொண்டிருக்கும்போது விளக்குவது கடினம். வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுவது எளிது. ஆகையால், நிதி கேட்டு அனுப்பும் முதல் மடலிலேயே இவ்வாறு எழுதும்படி நான் பரிந்துரைக்கிறேன்: “நான் அடிவார முகாமை நோக்கி நடக்கிறேன். எங்கே திரும்புவது என்பதை என் உடல்நிலையும் குழுவின் மருத்துவரும் முடிவு செய்வார்கள். நான் எங்கே திரும்பினாலும் உங்கள் நன்கொடை முழுவதும் உரிய இடத்துக்குச் சென்று சேரும்.” இந்த மூன்று வரிகளை எழுதியவர்கள் தலைவலியை மறைப்பதில்லை என்பது என் அனுபவம். நடக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு, முகாமை அடைந்தால் இவ்வளவு என்று நிபந்தனை வைத்து நன்கொடை பெறும் முறையை உயர மலைகளில் அறவே விட்டுவிட வேண்டும் என்றும் அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அமைப்பாளர்கள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு இறங்குவதற்குக் கூடுதல் வழிகாட்டி ஒருவர் குழுவில் முதலிலிருந்தே இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாதபோது, நோயுற்றவரைக் கீழே அனுப்புவதற்குப் பதில் குழுவோடு மேலே கூட்டிச்செல்லும் விபரீதம் நேர்கிறது. பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1970களிலிருந்து இயங்கிவருகிறது. நடைப்பருவத்தில் அங்குள்ள மருத்துவர்கள் பிற்பகல் வேளைகளில் உயரநோயைப் பற்றி இலவசமாக உரை நிகழ்த்துகிறார்கள். திங்போச்சேயில் ஓய்வெடுக்கும் குழு சிறு மேட்டைக் கடந்து அதைக் கேட்டுவருவது மிக நல்லது.

பயிற்சியைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். நான்கைந்து மாதம் வாரந்தோறும் மேடு பள்ளமான வழியில், முதுகில் சிறு சுமையோடு, மலையில் அணியப்போகும் அதே காலணியை அணிந்து நடந்தால் போதும். ஆறாயிரம் மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்புச் செலவை ஏற்கும் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். உயரநோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, நம் பைகளைச் சுமந்து வருகிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பாதையில் சுமை தூக்குவோர் எல்லோரும் ஷெர்பாக்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ராய், தமாங், மகர் முதலிய சமூகங்களைச் சேர்ந்த, தாழ்வான மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள் அவர்களில் ஏராளம். உயரம் நமக்கு எவ்வளவு புதியதோ அவ்வளவு அவர்களுக்கும் புதியது. நெற்றிப்பட்டையில் தாங்கிய கூடையோடு, நம்மைவிட மெல்லிய உடையில் அவர்கள் ஏறுகிறார்கள். 1997இல் நேபாளத்தில் இருபது வயதுச் சுமையாளர் ஒருவர் கடும் உயரநோய்க்கு ஆளானபோது, அவருக்குக் கணக்குத் தீர்த்துக் கூலியைக் கொடுத்துத் தனியாகக் கீழே அனுப்பிவிட்டார்கள், அவர் இறந்துபோனார். பன்னாட்டுச் சுமையாளர் பாதுகாப்புக் குழு என்னும் அமைப்பு உருவானதற்கு அந்த இளைஞரின் மரணமே காரணம். பின்னர் அவ்வமைப்பு கோக்யோ பள்ளத்தாக்கில் மாச்செர்மோ என்னுமிடத்தில் சுமையாளர்களுக்குத் தங்குமிடமும் மீட்பு நிலையமும் ஏற்படுத்தியது.

ஒரு நற்பணிக்காக நடக்கும் குழு இந்தச் செய்தியை அறிந்துகொண்டே புறப்பட வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன், பயண நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: ஒருவர் மேல் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள், இரவில் அவர்கள் எங்கே உறங்குவார்கள், குளிருடையும் காலணியும் கண்ணாடியும் யார் கொடுப்பார்கள், காப்பீடு அவர்களுக்கும் உண்டா? சுமையாளர் நோயுற்றால் குழுவின் மருத்துவரே அவரையும் பார்க்க வேண்டும். அவருடைய மொழி பேசும் ஒருவர் துணையோடு, மருத்துவச் செலவுக்கான பணத்தோடு அவரைக் கீழே அனுப்ப வேண்டும். எஞ்சிய நாள்களின் கூலியும் குறையாமல் அவர் கைக்குச் சேர வேண்டும். இவற்றுக்குத் தெளிவான விடை தராத நிறுவனத்தை விட்டுவிட்டு, விலை சற்றுக் கூடினாலும் விடை தரும் மற்றொன்றைத் தேடுங்கள். பயணம் தொடங்கியபின் லுக்லாவில் முதல் நாள் காலையிலேயே ஒவ்வொரு சுமையாளரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு, மாலையில் உங்கள் குழுவினரின் தலைவலியை விசாரிக்கும் அதே நேரத்தில் அவர்களிடமும் போய் விசாரியுங்கள்.

வணக்கம்.