சந்தைப் பக்கத்து வீடுதான் வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குடியிருக்க ஏற்றது சந்தையும் திருவிழாவும் சூழ்ந்த தெருவா, சந்தடி இல்லாத புறநகரா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று குற்றம் சுமத்தினார்: விடியும் முன்பே வேன் சத்தம், வாசலை அடைத்து நிற்கும் வண்டிகள், திருவிழா மைக். மூன்றும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று மேடைக்கு அவர் ஏன் தாமதமாக வந்தார்? "வீடு ரொம்பத் தூரம்" என்றார். என் வேலையில் பாதியை அவரே முடித்துக் கொடுத்துவிட்டார்.

நான் மதுரை அண்ணாநகர்க்காரன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று முதல்வர் கலைஞர் திறந்துவைத்தது எங்கள் பகுதியில்தான். அங்கே கடை போட விவசாயி என்ற அடையாள அட்டை வேண்டும். கடைக்கு வாடகை கிடையாது. அன்றன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதல், வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு என்பது கணக்கு. விளைவித்தவருக்கும் லாபம், நமக்கும் லாபம்.

சரி, அந்த 15 விழுக்காடு யார் கையில் நிற்கும்? புறநகரிலிருந்து பைக்கில் வருகிறவர் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோல் பங்க்கில் கொடுத்துவிட்டுப் போவார். தினமும் வர முடியாதே என்று வாரத்துக்கும் சேர்த்து வாங்கி ஃப்ரிட்ஜில் அடைப்பார். வியாழக்கிழமை கீரையைத் தூக்கிக் குப்பையில் போடுவார். நான் கைலியோடு நடந்து போய்க் கால் கிலோ வெண்டைக்காய், ஒரு கட்டு அரைக்கீரை வாங்கி வருவேன். நாளைக்கு வேண்டியது நாளைக்கு.

செல்போன் செயலியில் சொன்னால் பத்து நிமிடத்தில் காய் வீட்டுக்கே வருகிறதே என்று எதிரணி அம்மா கேட்டார். வரும்மா. எங்கள் சந்தையில் ஓர் ஆத்தா, "நேத்து மழை, இன்னிக்கு என்கிட்டத் தக்காளி வாங்காதே, தண்ணியா இருக்கும்" என்று தன் சரக்கையே வேண்டாம் என்பார். அந்தச் செயலி என்றைக்காவது அப்படிச் சொல்லியிருக்கிறதா?

அப்புறம் வாசலை அடைக்கும் வண்டிகள். அவை யாருடையவை ஐயா? நாங்கள் நடந்தல்லவா போகிறோம்!

திருவிழாவுக்கு வருவோம். சித்திரைப் பௌர்ணமி காலையில் அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க ஊரே திரள்கிறது. தூரத்தில் இருப்பவர் நடுராத்திரியே கிளம்பி, வண்டி நிறுத்த இடம் தேடி, கடைசியில் அடுத்தவர் தலைக்கு மேல் தூக்கிய செல்போனில் அழகரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஆற்றில் இறங்கிய அழகர் வண்டியூருக்குப் போகிறார். வழியில் எங்கள் பக்கம் வருகிறார். அன்றைக்குத் தெருவில் நீர்மோரும் பானகமும் வாங்காமல் யாரும் தாண்ட முடியாது. பெயர் தெரியாத ஆளுக்கு ஊற்றிக் கொடுத்த டம்ளரை வாங்கி, நம் வீட்டுப் பிள்ளை அடுத்தவருக்கு ஊற்றுகிறது. எந்தப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தருவார்கள்?

மைக் தொல்லை எனக்கும் உண்டு. பரீட்சை சமயத்தில் கூம்பு ஒலிபெருக்கி அலறினால் எனக்கும் கோபம் வரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழா நாட்களில் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். ஆனால் எங்கள் தெருவில் விதியைக் காட்ட வேண்டிய தேவையே அனேகமாக வருவதில்லை. விழாக் கமிட்டிக்கு வரி கொடுத்தவன் நான். கூழ் ஊற்றும் நாளில் தூக்குவாளியோடு வரிசையில் நின்றவன். "தம்பி, பிள்ளை படிக்குது" என்று போய்ச் சொன்னால், முனகிக்கொண்டாவது சத்தத்தைக் குறைப்பார்கள்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். உங்கள் அமைதியான நகரில் பக்கத்து வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குரைத்தால், கதவைத் தட்டிக் கூப்பிட அவர் பெயராவது தெரியுமா உங்களுக்கு?