கொலோன்ல பாத்ததும் பாலாத்துக்குக் கேக்கறதும்

(காட்பாடியில நூலக வார விழாவுல பேசினது. பேசினபடியே டைப் பண்ணிருக்கேன், திருத்தல.)

எல்லாருக்கும் வணக்கம். இந்த விழாவுக்கு தலைமை தாங்கிகினு இருக்கற எங்க ஹெட்மாஸ்டர் ஐயா அவர்களே, ஐயா ரிட்டயர் ஆயி ரொம்ப காலம் ஆச்சு, ஆனா தெருவுல அவர பாத்தா இன்னிக்கும் மடிச்சு கட்டின லுங்கிய எறக்கி விட்டுட்டுதான் நிப்பேன். முன்னிலை வகிக்கற வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, எங்க தெருவுல லைட்டு எரியுதுன்னா அது இவங்களாலதான், அத மைக்ல சொல்றேன்னு வாக்கு குடுத்திருந்தேன், சொல்லிட்டேன். நூலகர் மேடம் அவர்களே, பந்தலும் மைக் செட்டும் காசு வாங்காம போட்டுக்குடுத்த சவுண்டு சர்வீஸ் தம்பி, வரவேற்புரைல பேரு விட்டுப்போன வணிகர் சங்கத்து அண்ணன் (அண்ணே கோச்சுக்காதீங்க, உங்க பேரு பேப்பரோட பின்பக்கம் இருந்திருக்கு, படிச்சவரு திருப்பல), எனக்கு சால்வ போத்தின டீக்கடை மாமா, தாய்மார்களே, நாளைக்கு பரீட்சைய வச்சிகினு இங்க வந்து உக்காந்திருக்கற புள்ளைங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு குடுத்த தலைப்பு நான் கண்ட ஜெர்மனி. பொண்ணும் மாப்பிள்ளையும் கொலோன்ல இருக்காங்க, பேரன் பொறந்தான், போனோம். அங்க பாத்ததுல அஞ்சு விஷயம் பேசலாம்னு எழுதிகினு வந்திருக்கேன். சாப்பாடு, ஞாயித்துக்கெழம, ரயிலு, குப்பை, அஞ்சாவது ஆறு. ஆறுன்னா நம்பர் இல்ல, ஓடற ஆறு. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க இல்ல, அந்த ஆறு.

சாப்பாட்ட பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. ரொட்டி, ரொட்டி, அப்புறம் வேற ரொட்டி. ஓட்டல்ல தண்ணி கேட்டா சோடா குடுத்து அதுக்கும் பில்லு போடறான், வீட்டு கொழாயில வர்றத மட்டும் அப்படியே புடிச்சு குடிக்கறாங்க. இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருவேன்.

ஞாயித்துக்கெழம கதைதான் எனக்கு ஆச்சரியம். இங்க நமக்கு ஞாயித்துக்கெழமன்னா கறிக்கடைல கூட்டம், பிரியாணி கடைல அண்டா எறங்குது, பஜார்ல நடக்க முடியாது. அங்க சூப்பர் மார்க்கெட்டு, துணிக்கடை எல்லாம் ஷட்டர் போட்டுட்டான். ரொட்டிக்கடை கொஞ்ச நேரம், பெட்ரோல் பங்கு, ரயில்வே ஸ்டேஷன் கடைங்க, அவ்ளோதான். கேட்டா அவங்க அரசியல் சட்டத்துலயே ஞாயிறு ஓய்வு நாள்னு இருக்காம், 1919ல எழுதின வரி, இன்னிக்கும் அத தொடல. சுவத்துல டிரில் போடக்கூடாது. காலி கண்ணாடி பாட்டில போட தெருமுனைல பெரிய தொட்டி இருக்கும், வெள்ளைக்கு ஒரு ஓட்டை, பச்சைக்கு ஒண்ணு, பழுப்புக்கு ஒண்ணு, அதுல கூட ஞாயித்துக்கெழம போடக்கூடாது, சிலுங்குனு சத்தம் வரும்ல. சவுண்டு சர்வீஸ் தம்பி மொறைக்காத, உன்ன சொல்லல, நீ அங்க போனா பட்டினிதான்.

இப்ப குப்பை. இங்கதான் எங்க சம்பந்தி வர்றாரு. முன்வரிசைல வெள்ள சட்டைல உக்காந்துகினு இருக்காரு பாருங்க, ஆம்பூர்ல இருந்து இதுக்குன்னே வந்திருக்காரு, அவருகிட்ட பர்மிஷன் வாங்கித்தான் சொல்றேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே டைம்ல அங்க இருந்தோம். அந்த ஊர்ல ஒருதடவ குடிச்சுட்டு போடற பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி, கூல்டிரிங்ஸ் வாங்கினா வெலைக்கு மேல 25 சென்ட் புடிச்சு வச்சுக்குவான், நம்ம காசுக்கு 20 ரூபாய்க்கு மேல ஆவும். காலி பாட்டில திருப்பி குடுத்தா காசு திரும்பி வரும். இத மாப்பிள்ளை சொன்னதுல இருந்து சம்பந்திக்கு தூக்கம் போச்சு. பால்கனில பாட்டிலா சேக்கறாரு. சேக்கறது மட்டும் இல்ல, ஒவ்வொண்ணையும் கீழ போட்டு மிதிச்சு, திருகி, அப்பளமாக்கி பைல அடுக்கறாரு. ஏன் சம்பந்தின்னு கேட்டேன். நம்ம ரயில்ல குடுக்கற பாட்டில்ல நசுக்கி போடச்சொல்லி எழுதிருக்கான் இல்ல, முறைன்னா முறை, எந்த நாடா இருந்தா இன்னான்னாரு. மறுத்துப்பேச முடியுமா?

ஒருநாள் சாய்ந்திரம் பைய தூக்கிகினு ரெண்டு பேரும் போனோம். கடை வாசல் உள்பக்கமே செவத்துல ஒரு மிஷினு, நடுவுல வட்டமா ஓட்டை, உள்ள பெல்ட்டு ஓடுது. பாட்டில வச்சா உருட்டி பாத்து, கோடு கோடா இருக்கே அத படிச்சு, உள்ள இழுத்துக்கும். சம்பந்தி அப்பளத்த வச்சாரு. போச்சு, நின்னுச்சு, திரும்பி வந்துச்சு. தலைகீழா வச்சாரு, வந்துச்சு. திரையில ஜெர்மன்ல என்னமோ ஓடுது. பின்னாடி வரிசை சேந்துபோச்சு, பீர் பாட்டில் கேஸோட ரெண்டு பசங்க, ஒரு பாட்டி, கொழந்தைய தள்ளிகினு ஒரு அம்மா. யாரும் சீக்கிரம்னு ஒரு வார்த்தை சொல்லல, அதுதான் இன்னும் கூச்சமா இருந்துச்சு. சம்பந்தி பாத்தாரு, பாட்டில வாயில வச்சாரு, ஊதினாரு. கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணு வெளிய வந்து, டப்னு பாட்டிலு நிமிந்துச்சு! வச்சாரு, மிஷினு முழுங்கிச்சு, திரையில 25 சென்ட்டு. வரிசையே கை தட்டுது. அடுத்தது ஊதறாரு, மூணாவது ஊதும்போது மூச்சு வாங்குது, சுகர் உள்ள மனுஷன். அந்த பாட்டி முன்னால வந்துச்சு, கைக்குட்டைய எடுத்துச்சு, பாட்டில் வாய தொடச்சுச்சு, அதுவும் ஊத ஆரம்பிச்சுடுச்சு. பீர் பசங்க சும்மா இருப்பாங்களா, ஆளுக்கு ஒண்ணு. ஜெர்மனியும் ஆம்பூரும் சேந்து நின்னு ஊதறாங்க, நான் பைய புடிச்சிகினு நிக்கறேன். எல்லாம் முடிஞ்சு மூணு யூரோவுக்கு மேல காட்டுது. திரையில ரெண்டு பட்டன் வந்துச்சு. சம்பந்தி கம்பீரமா ஒண்ண அமுக்கினாரு. நன்றின்னு என்னமோ வந்துச்சு, சீட்டு வரல. ராத்திரி பொண்ணுகிட்ட சொன்னா அவ விழுந்து விழுந்து சிரிக்கறா, அப்பா, ஒரு பட்டன் காசு வாங்க, இன்னொண்ணு தருமத்துக்குன்னு. இப்பவும் யாராச்சும் கேட்டா சம்பந்தி சொல்றது, ஜெர்மன்காரனுக்கே தருமம் பண்ண பரம்பரை நாங்க.

சிரிச்சாச்சா? இப்ப சொல்றேன். அந்த 25 சென்ட்டாலதான் ஒரு பாட்டிலு தெருவுல கெடக்கல, கெடந்தாலும் யாராச்சும் எடுத்துகினு போயிடறாங்க. நம்மளாலயும் முடியும். நீலகிரில 2022ல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு, காலி பாட்டில் குடுத்தா திருப்பிக் குடுக்கற திட்டம் வந்துச்சு, அப்புறம் வேற மாவட்டத்துக்கும் வந்துச்சு. அதாவது கெடுக்கற பொருளு கையிலயே காச கட்டி அனுப்பணும். இத புடிச்சுக்கங்க.

ரயில் பத்தி பேசணும்னு நெனச்சேன், தலைவர் மணிய பாக்கறாரு. லேட்டா வருது, அவ்ளோதான், நம்ம காட்பாடி ஜங்ஷனுக்கு கௌரவமா இருந்துச்சு.

ஆத்துக்கு வர்றேன். கொலோன் நடுவுல ரைன் நதி. பெரிய மாதா கோயில் பக்கத்துல ஒரு ரயில் பாலம், அதுல காதலிக்கற புள்ளைங்க பூட்ட மாட்டிட்டு சாவிய தண்ணில வீசுதுங்க. சாய்ந்திரம் ஆனா ஊரே கரைல உக்காந்திருக்கு. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்னா, ஆறு உள்ள ஊரோட அழகு எப்படின்னு அங்க பாத்தேன். ஆனா அந்த ஆத்த ஐரோப்பாவோட சாக்கடைன்னு ஒரு காலத்துல சொன்னாங்க. 1986 நவம்பர் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்துல பாசல் பக்கத்துல ஒரு கெமிக்கல் குடோன் எரிஞ்சுது, தீய அணைக்க அடிச்ச தண்ணியோட பூச்சி மருந்தெல்லாம் ஆத்துல எறங்கி தண்ணி செவப்பா ஓடிச்சு, விலாங்கு மீனு கூட்டம் கூட்டமா செத்து மெதந்துது. அடுத்த வருஷமே, 1987ல, கரையோர நாடுங்க உக்காந்து ஒரு திட்டம் போட்டாங்க. அதுல எனக்கு புடிச்சது இன்னான்னா, 2000க்குள்ள சால்மன் மீனு திரும்பி வரணும்னு எழுதினாங்க. சாதாரண ஜனத்துக்கு புரியற கணக்கு. மீனும் வந்துச்சு. கோடிக்கணக்கான பேருக்கு இன்னிக்கு அந்த ஆத்த நம்பித்தான் குடிதண்ணி.

இங்க? நம்ம பாலாத்துல தோல் ஷாப்பு கழிவு கலக்குதுன்னு 1991ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் கேஸு போட்டு, 1996 ஆகஸ்ட் 28 சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிச்சு, மாசு பண்ணவன் காசு கட்டணும்னு. இந்தியா முழுக்க சட்டக் காலேஜ்ல அந்த தீர்ப்ப பாடமா படிக்கறாங்க. நம்ம ஆத்துப் பேர்ல நாடே பாஸாவுது, ஆறு மட்டும் ஃபெயிலு. 2025 ஜனவரில அதே கோர்ட்டு மறுபடி பாலாத்துக்கு உத்தரவு போட வேண்டியிருந்துது. நடுவுல 2015 ஜனவரி கடைசில ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டி ஒடைஞ்சு தூங்கிகினு இருந்த 10 பேர் போய்ட்டாங்க. அதுல பெரும்பாலானவங்க ஆத்தையே பாத்திருக்க மாட்டாங்க, பொழைக்க வந்தவங்க.

தோல் ஷாப்ப மூடுன்னு நான் சொல்லல. எங்க வீட்லயும் ஷாப்பு சம்பளத்துல சோறு தின்னவங்க இருக்காங்க. கொலோன்ல ஒரு செருப்புக்கடைல பழுப்பு கலர் ஷூ ஒண்ண எடுத்து நாக்க விரிச்சு பாத்தேன், உள்ள மேட் இன் இண்டியா. நல்ல தையல், பிசிறு இல்ல. நம்ம பக்கத்து பொம்பளைங்க கையா இருக்கும்னு மனசு சொல்லிச்சு. அப்பதான் தோணிச்சு, காலி பாட்டிலுக்கு 25 சென்ட்டு, இந்த ஷூவுக்கு ஏன் இல்ல? தோல் ஷூ ஒரு ஜோடி எந்த நாட்டுல வித்தாலும் 25 சென்ட்டு பாலாத்து கணக்குக்கு வரணும். போடறவன் குடுக்கட்டும், விக்கறவன் குடுக்கட்டும், அவங்களே பேசி முடிச்சுக்கட்டும். கணக்கு வேற எங்கயும் போவாம கரைலயே, ஊர்க்காரங்க கண்ணு முன்னால இருக்கணும். திட்டத்துல மீனு பேர எழுதணும். நான் கெளுத்தின்னு எழுதிருக்கேன், விரால்னு சொல்றவங்க இருந்தா பேசலாம்.

நடக்குமான்னு பின்வரிசைல ஒருத்தர் சிரிக்கறாரு. நம்ம வேலூர எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்களே, மரமில்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயிலு, தண்ணியில்லாத ஆறு. இதுல சாமி இல்லாத கோயிலு எங்க இப்ப? 1981ல கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர கொண்டாந்து வச்சாச்சு, அன்னிக்கும் நடக்காதுன்னு சொன்னவங்க நெறைய. பட்டியல்ல ஒண்ண நாமளே அடிச்சிருக்கோம். 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்ப பாலத்துமேல நிக்க எடமில்ல, செல்போன தூக்கிகினு ஊரே நின்னுச்சு. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, ஜனத்துக்கு தெரியுது.

தலைவர் ரெண்டாவது சீட்டு அனுப்பிட்டாரு, முடிச்சுக்கறேன் ஐயா. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மூணு கலெக்டருக்கும் மனு ரெடியா இருக்கு. வெளிய போற வழியில மேஜை மேல நீட்டு நோட்டு, சம்பந்தி பேனாவோட உக்காருவாரு. பேரு, தெரு, வார்டு நம்பர், கையெழுத்து. போன தடவ பாதி பேர் வார்டு நம்பர் போடாம வுட்டுட்டீங்க, மனு திரும்பி வந்துடுச்சு. டீ, போண்டா அதுக்கு அடுத்த மேஜைல.