தட்டு மாற்றுவது சபையில்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் பெருமக்களே, வணக்கம்.

'உலக மன்றங்களுக்கு ஏற்றது மூடிய அறையா, திறந்த அவையா?' திறந்த அவையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கல்யாணக் கதை சொன்னார். 'சம்பந்தம் பேசுகிறவர்கள் ஒலிபெருக்கி வைத்தா பேசுகிறார்கள்? நான்கு பெரியவர்கள் அறைக்குள் உட்கார்ந்துதானே முடிக்கிறார்கள்?' என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஐயா பாதிப் பந்தியிலேயே எழுந்துவிட்டார். பேசி முடித்த பிறகு என்ன செய்கிறோம்? லக்னப் பத்திரிகையைச் சபையில் உரக்கப் படிக்கிறோம். இன்னார் மகன், இன்னார் மகள், இன்ன நாள் என்று எல்லோர் காதிலும் விழுந்த பிறகுதான் தட்டு மாற்றுகிறோம். (பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது தனிப் பட்டிமன்றம்.)

ஐ.நா. பொதுச்செயலாளரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? 15 நாடுகள் அமரும் பாதுகாப்பு கவுன்சில் ஒரே ஒரு பெயரைச் சொல்வது நல்லது, விவாதம் தனியறையில் நடக்கட்டும் என்று 1946இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். 2015 செப்டம்பரில்தான், மக்கள் அமைப்புகள் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, வேட்பாளர்களின் பெயர்களையும் தன்விவரங்களையும் எல்லா நாடுகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று பொதுச்சபை தீர்மானித்தது. 2016 ஏப்ரல் தொடங்கி ஒவ்வொரு வேட்பாளரும் இரண்டு மணி நேரம் பொதுச்சபையின் முன் அமர்ந்து பதில் சொன்னார். உலகமே நேரலையில் பார்த்தது.

பிறகு ஜூலை 21. கவுன்சில் கதவைச் சாத்திக்கொண்டு முதல் முன்னோட்ட வாக்கெடுப்பு நடத்தியது. 'ஊக்குவிக்கிறேன்', 'ஊக்குவிக்கவில்லை', 'கருத்தில்லை' என மூன்றே விடைகள். முடிவை 193 நாடுகளின் பொதுச்சபைத் தலைவருக்கு எப்படித் தெரிவித்தார்கள்? 'வாக்கெடுப்பு நடந்தது' என்று. அவ்வளவுதான்! இது எதிர்பார்த்த வெளிப்படைத்தன்மை இல்லை என்று அவர் மனம் நொந்து கடிதமே எழுதினார். அதற்குள் வெளியே நின்ற நிருபர்கள் வேட்பாளர்களில் ஒருவரான குட்டெரெஸுக்குப் பன்னிரண்டு ஆதரவு என்று எண்ணிக்கையோடு செய்தி போட்டுவிட்டார்கள். எதிரணி போற்றும் ரகசியம் இதுதானா? அந்த அறை யாருக்காகப் பூட்டியிருந்தது?

எதிரணி 1962 கியூபா நெருக்கடியைச் சொன்னது. சரியான எடுத்துக்காட்டு, மறுக்கமாட்டேன். துருக்கியிலிருந்து தன் ஏவுகணைகளை எடுப்பதாக அமெரிக்கா சோவியத் ஒன்றியத்திடம் ரகசியமாகச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் அது அணு ஆயுதப் போர் வாசலில் நின்ற நாட்களில் இரண்டு வல்லரசுகள் பேசிய பேச்சு. வீடு பற்றி எரியும்போது சுவர் ஏறிக் குதித்ததைக் காட்டி, இனி எப்போதும் வாசல் வேண்டாம் என்றால் எப்படி?

வாசல் என்றேன். மக்கள் அமைப்புகள் உள்ளே வர ஐ.நா.வில் ஒரு வாசல் உண்டு. ஆலோசனைத் தகுதி என்று பெயர். அந்த வாசலில் 19 நாடுகளின் குழு ஒன்று காவல் நிற்கிறது. ஓர் உறுப்பு நாடு ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். பதில் அனுப்பினால் இன்னொரு கேள்வி. தாலுகா அலுவலகத்தில் 'அடுத்த வாரம் வாருங்கள்' கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். என்ன, அங்கே அடுத்த வாரம் என்பது அடுத்த அரையாண்டு. சாதிப் பாகுபாட்டை எதிர்க்கும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு இப்படியே பதினைந்து ஆண்டுகள் காத்துக் கிடந்தது. கேள்விகளை அடுக்கிய நாடு எது? நம் நாடுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 2022 டிசம்பரில், அந்தக் குழுவுக்கு மேலே இருக்கும் ஐ.நா. பொருளாதார சமூக கவுன்சிலில் வாக்கெடுப்புக்கு விட்டபோதுதான் வாசல் திறந்தது.

இதனால் சாமானியனுக்கு என்ன என்கிறீர்களா? கரீபியன் நாடான ஹைத்திக்கு வாருங்கள். 2010 அக்டோபரில் மிர்பாலே ஊர் அருகே இருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஓடையில் கலந்து, ஆர்ட்டிபோனிட் ஆற்றுக்குப் போனது. ஆற்றுநீரைக் குடித்த மக்களுக்குக் காலரா. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். படையால் பாதிக்கப்பட்டவர்களின் கோரிக்கையை விசாரிக்க ஓர் ஆணையம் அமைப்போம் என்று ஹைத்தி அரசோடு ஐ.நா. எழுத்தில் ஒப்பந்தம் செய்திருந்தது. அந்த ஆணையம் அமைக்கப்படவே இல்லை. 2013இல் இழப்பீடு கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், 'ஏற்கத்தக்கதல்ல'. 2016இல் உள்ளறிக்கை ஒன்று கசிந்த பிறகுதான் நிலை மாறியது; அந்த டிசம்பரில்தான் அப்போதைய பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். கதவிடுக்கில் கசிந்த காகிதத்துக்கு இருந்த வலிமை, பிணத்தைச் சுமந்தவனின் மனுவுக்கு இல்லை.

நடுவர் கை மணியை நோக்கிப் போகிறது. ஒரு செய்தி மட்டும். 1992இல் போஸ்னியாவிலிருந்து ஒரு பாதிரியார் நியூயார்க் வந்தார். அங்கே நடப்பதைப் பாதுகாப்பு கவுன்சிலிடம் சொல்ல வேண்டும் என்றார். விதிகளில் அதற்கு வழியில்லை. வெனிசுலா தூதர் டியேகோ ஆரியா என்ன செய்தார்? சக உறுப்பினர்களைப் பிரதிநிதிகள் ஓய்வறைக்குக் காபி குடிக்க அழைத்தார். பாதிரியார் அங்கே பேசினார். இன்றுவரை அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு 'ஆரியா முறை' என்றே பெயர். இன்றுவரை அவை கவுன்சிலின் முறையான கூட்டங்கள் அல்ல.

அந்தக் காபி மேசையைத் தூக்கி உள்ளே போடுங்கள் என்றுதான் எங்கள் அணி கேட்கிறது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.