இரு சுவர்களுக்கு நடுவே ஒரு விடுதி

அவையோர்க்கு வணக்கம். நெரிசலான வீதியில், இரண்டு பழைய கட்டடங்களுக்கு இடையே பல ஆண்டுகளாகச் சும்மா கிடக்கும் மனையில் தங்கும் விடுதி கட்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முகப்பு எப்படி இருக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்; ஆனால் வரைபடத்தைத் தீர்மானிப்பவை பக்கத்துச் சுவர்களும் சலவைத் துணி வண்டியும்தான் என்பது என் கருத்து.

காலி மனை என்கிறோமே தவிர, இடிக்கப்பட்ட கட்டடத்தின் அஸ்திவாரமும் இடிபாடு கொட்டித் தூர்த்த நிலவறையும் பெரும்பாலும் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். அண்டைக் கட்டடத்தின் அஸ்திவாரம் நாம் தோண்டும் ஆழத்துக்கு மேலேயே நின்றுவிட்டால், அதன் அடியில் சுமார் 1 மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டிக் கான்கிரீட் நிரப்ப வேண்டிவரும். ஆகவே, சோதனைக் குழி வெட்டிப் பார்க்காமலும், பக்கத்துச் சுவர்களில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியிட்டுப் படமெடுத்து வைக்காமலும், இத்தனை அறைகள் வரும் என்று உரிமையாளருக்கு வாக்குக் கொடுப்பது அவசரம்.

வழக்கமான அறைக்குச் சுமார் 3.6 மீட்டர் அகலம் வேண்டும். 12 மீட்டர் அகல மனையில் வீதியைப் பார்த்து மூன்று அறைகள்தான் அமையும். நடைவழியின் இருபுறமும் அறைகள் வைத்தால் கட்டடம் வீதியிலிருந்து பின்னோக்கி 16 முதல் 18 மீட்டரில் முடிந்துவிடுகிறது. மனை அதைவிட நீண்டிருந்தால், வெளிச்சம் எட்டாத நடுப்பகுதியில் லிஃப்டையும் படிக்கட்டையும் துணி அறையையும் வைத்து, பின்புற அறைகளுக்காக ஒரு முற்றத்தைத் திறந்துவிட வேண்டும். முற்றத்தை விழுங்கி இன்னும் சில அறைகள் சேர்க்கலாம் என்பவர், சன்னலைத் திறந்தால் செங்கல் மட்டுமே தெரியும் அறைக்கு என்ன வாடகை கிடைக்கும் என்றும் கணக்கிடட்டும்.

உண்மையான போராட்டம் தரைத்தளத்தில்தான். பின்பக்கம் தெரு இல்லாததால், விருந்தினர் வாசல், தீயவசரப் படிக்கட்டின் வெளிவாசல், மின்னறைக் கதவு, குப்பையும் அழுக்குத் துணியும் போகும் கதவு ஆகிய அனைத்தும் அதே 12 மீட்டருக்குள் வந்தாக வேண்டும். காலையில் அழுக்கு விரிப்புகள் பணியாளர் லிஃப்டில் இறங்கி வெளியே போகும் நேரமும், விருந்தினர் பெட்டியோடு கிளம்பும் நேரமும் ஒன்றே. இரு பாதைகளும் லாபியில் குறுக்கிட்டால் எந்த அலங்காரமும் அதை மறைக்காது. துணி வண்டி திரும்ப வேண்டிய மூலையை அளந்து பார்த்த பிறகே வரவேற்பு மேசைக்கு இடம் ஒதுக்குவேன். மேலே அறைக்கு ஒரு சுவர் வர, கீழே தூணில்லாத கூடம் வேண்டியிருப்பதால், அந்தச் சுவர்களின் பாரத்தைத் தாங்க முதல் தளத்துக்கு அடியில் கனத்த உத்தரங்கள் தேவைப்படுகின்றன; உயரக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தால் அந்த உத்தரங்களின் உயரமே ஒரு தளத்தைப் பறித்துவிடக்கூடும்.

இனி முகப்பு. விடுதியின் தளங்கள் சுமார் 3 மீட்டர் உயரமுடையவை. பழைய கட்டடங்களின் தளங்கள் பெரும்பாலும் அதைவிட உயரமானவை என்பதால் சன்னல் வரிசைகள் ஒத்துப்போகா. தரைத்தளத்தின் உயரத்தையும் கைப்பிடிச் சுவரின் கோட்டையும் அண்டைக் கட்டடங்களோடு இணைத்தால் போதும். நடுவில் உள்ள வரிசைகளைப் போலிப் பட்டைகளால் ஒட்டவைப்பதை நான் ஏற்பதில்லை.