தெரிந்தே செய்தார்களா? “இனவெறி” என்ற ஒரு சொல்லின் மேல் 40 ஆண்டுச் சண்டை

[திரையில்: இரவு. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு பஸ் நிறுத்தம்.]

வணக்கம்.

1993 ஏப்ரல் 22, இரவு பத்தரை மணி. தென்கிழக்கு லண்டன், எல்தம் பகுதி, வெல் ஹால் சாலை. 18 வயது ஸ்டீபன் லாரன்ஸும் அவர் நண்பர் டுவெய்ன் புரூக்ஸும் வீட்டுக்குப் போக பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். ஸ்டீபனின் அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது பையனின் ஆசை. பஸ் வருகிறதா என்று பார்க்க அவர் நாலடி முன்னே போகிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளை இளைஞர்கள் சிலர் நிறத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டே ஓடிவருகிறார்கள். சில நொடிதான். கத்திக்குத்துப்பட்ட ஸ்டீபன் எழுந்து, நூறு மீட்டருக்கு மேல் ஓடி, நடைபாதையில் விழுகிறார். அங்கேயே உயிர் போகிறது.

போலீஸ் வருகிறது. முதலுதவி முறையாக நடக்கவில்லை. கண்ணெதிரே நண்பனைப் பறிகொடுத்த டுவெய்னை, பாதிக்கப்பட்டவராகப் பார்க்காமல், கத்துகிற முரட்டுப் பையனாகப் பார்த்தார்கள். இது இனவெறித் தாக்குதல் என்று அவர் சொன்னதைச் சில அதிகாரிகள் கடைசிவரை ஏற்கவில்லை.

ஓரிரு நாளிலேயே அக்கம்பக்கத்தார் சந்தேகப்படுபவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இரண்டு வாரம் ஒரு கைதும் இல்லை. மே 6 அன்று லண்டன் வந்திருந்த நெல்சன் மண்டேலா ஸ்டீபனின் பெற்றோரைச் சந்தித்தார். மறுநாள் முதல் கைது நடந்தது.

அந்த நாட்களில் நடந்த ஒரு சின்னக் காட்சியை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்டீபனின் அம்மா டோரீன், தன் காதுக்கு வந்த பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் ஒரு உயரதிகாரியிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி, பேசிக்கொண்டே, கைக்குள் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார். பிள்ளையை இழந்த தாய் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பிறகு விசாரணையில் சொன்னார். எனக்கு இந்த முழு விவகாரத்தையும் அந்த மடித்த தாள்தான் புரியவைத்தது.

[திரையில்: மடித்த ஒரு காகிதம்.]

கொலை செய்தவர்களின் இனவெறியை பிரிட்டனில் பெரிதாக யாரும் மறுக்கவில்லை. சண்டை வந்தது போலீஸ் நடந்துகொண்ட விதத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான். தாளை மடித்த அதிகாரி “எனக்கு எந்த இனத்தின் மீதும் வெறுப்பு இல்லை” என்று சத்தியம் செய்தால், அது உண்மையாகவே இருந்தால், அப்போது நடந்தது என்ன?

இங்கே நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் “இனவெறி” என்கிறோம். இலங்கையில் “இனவாதம்” என்பதுதான் புழக்கம். “வெறி” என்ற சொல் வந்தவுடனே நம் மனதில் கண் சிவந்த ஒரு ஆள் வந்து நின்றுவிடுகிறான். ஃபைலை எடுக்க மறந்த குமாஸ்தா, புகாரை நம்பாத அதிகாரி, பெயரைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை ஓரமாக வைத்த மேலாளர், இவர்கள் யாரும் அந்தப் படத்துக்குள் வரமாட்டார்கள். அதனால் இந்த வீடியோவில் ஆள்களைப் பற்றிப் பேசும்போது “இனவெறி” என்றும், ஒரு அமைப்பு நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிப் பேசும்போது “நிறுவன இனப்பாகுபாடு” என்றும் பிரித்துச் சொல்லப்போகிறேன்.

இப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் அரசியல் அறிஞர் சார்லஸ் ஹாமில்டனும். 1967இல் இருவரும் சேர்ந்து எழுதியபோது அலபாமாவின் பர்மிங்காம் நகரத்தையே எடுத்துக்காட்டாகத் தந்தார்கள். அங்கே 1963இல் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். உலகமே கண்டித்தது. அதே ஊரில் சரியான உணவும் மருத்துவமும் இல்லாமல் அப்போது ஆண்டுக்கு 500 கறுப்பினக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. அதற்குக் குண்டு வைத்தவன் என்று யாரையும் காட்ட முடியாது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்றார்கள்.

இனி பிரிட்டனுக்கு வருவோம். 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் கலவரம் வெடித்தது. அதற்குச் சற்று முன்னால்தான் சாதாரண உடையில் வந்த போலீஸார் சில நாட்களில் 900க்கும் மேற்பட்டவர்களைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டிருந்தார்கள். அதை விசாரிக்க வந்த மூத்த நீதிபதி ஸ்கார்மன் பிரபு, நிறுவன இனப்பாகுபாடு பிரிட்டனில் இல்லை என்று எழுதினார். அந்த வரி பல ஆண்டுகள் மேற்கோளாகச் சுற்றியது. ஆனால் அவர் எழுதியதை முழுக்கப் படித்தால் அதில் இரண்டு பகுதி இருக்கிறது. “தெரிந்தே, கொள்கையாகவே கறுப்பினத்தவரை ஒதுக்குகிற சமூகம் என்று சொன்னால் மறுக்கிறேன்” என்பது முதல் பகுதி. “அறியாமலேயே பாகுபாடாக முடிகிற நடைமுறைகள் பொது நிறுவனங்களில் இருக்கலாம் என்று சொன்னால், அது தீவிரமாகப் பார்க்க வேண்டிய குற்றச்சாட்டு, நிரூபித்தால் உடனே சரிசெய்ய வேண்டும்” என்ற கருத்து இரண்டாவது பகுதி. அரசியல்வாதிகளுக்கு முதல் பாதி போதுமானதாக இருந்தது.

[திரையில்: “தெரிந்தே” / “அறியாமலே” என்ற இரண்டு சொற்கள்.]

இந்த இரண்டு சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை இவற்றுக்கு நடுவேதான் நடக்கிறது.

ஸ்டீபன் வழக்கு 1993இல் கைவிடப்பட்டது. குடும்பமே தனியாக வழக்குப் போட்டு நடத்தியது. அதுவும் 1996இல் தோற்றது. ஆட்சி மாறி, 1997இல் விசாரணை ஆணையம் அமைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி வில்லியம் மக்ஃபர்சன் 1999 பிப்ரவரி 24 அன்று அறிக்கை தந்தார். ஒருவருடைய நிறம், பண்பாடு, இனம் காரணமாக அவருக்குத் தகுந்த சேவையைத் தர ஒரு அமைப்பு மொத்தமாகத் தவறுவதுதான் நிறுவன இனப்பாகுபாடு என்று அதில் வரையறுத்தார். அது அறியாத தப்பெண்ணமாகவோ, அறியாமையாகவோ, யோசிக்காமல் செய்ததாகவோ, ஒரு இனத்தார் எல்லாரையும் ஒரே அச்சில் பார்ப்பதாகவோ இருக்கலாம் என்றார். ஸ்கார்மனின் இரண்டாவது பாதி, 18 ஆண்டு கழித்து, முதல் பாதியின் இடத்துக்கு வந்தது.

லண்டன் காவல்துறைத் தலைவர் பால் காண்டன் விசாரணையின்போது இந்தப் பட்டத்தை ஏற்கத் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். “ஒவ்வொரு போலீஸ்காரரும் இனவெறியர் என்றுதான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள்” என்பது அவர் கவலை. நம் ஊரில் “வெறி” செய்கிற அதே வேலைதான். அறிக்கை அவருக்கு விளக்கம் சொன்னது, வரையறையை அவர் ஏற்றார்.

மக்ஃபர்சன் பரிந்துரைகளில் அதிகம் திட்டு வாங்கியது இது: பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். “அப்படியானால் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் குற்றவாளி ஆக்கலாமே” என்று பத்திரிகைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எழுதினார்கள். எஃப்.ஐ.ஆர். போட வைக்க ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் உள்ள குழப்பம் சட்டென்று புரியும். புகாரைப் பதிவு செய்வது தீர்ப்பு எழுதுவது ஆகாது. டுவெய்ன் சொன்னதை அன்று இரவே அப்படிப் பதிவு செய்திருந்தால், எதைத் தேட வேண்டும், யாரைத் தேட வேண்டும் என்பது முதல் மணி நேரத்திலேயே மாறியிருக்கும்.

சொல் கிடைத்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில். 2000இல் சட்டம் திருத்தப்பட்டு, காவல்துறையின் பணிகளும் இனப்பாகுபாட்டுச் சட்டத்துக்குள் வந்தன. இன்னொன்று, ஒரு முறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக் கூடாது என்ற பழைய விதியை, புதிய வலுவான ஆதாரம் கிடைத்தால் தளர்த்தலாமா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் மக்ஃபர்சன். அது சட்டமானது. சந்தேகப்பட்டவர்களில் ஒருவரான கேரி டாப்சனின் பழைய ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டியில் அரை மில்லிமீட்டர் அளவுள்ள, ஸ்டீபனின் ரத்தத் துளி கண்டுபிடிக்கப்பட்டது. 1996இல் விடுதலையான டாப்சனும், கூடவே டேவிட் நாரிஸும் 2012 ஜனவரியில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கொலை நடந்து பதினெட்டரை ஆண்டுக்கும் மேல்.

[திரையில்: ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பங்கள், பெயர் மட்டும் வேறு.]

சரி, மனதுக்குள் இருப்பதைப் பார்க்க முடியாது என்றால் பாகுபாட்டை எப்படித்தான் அளப்பது? ஆய்வாளர்களிடம் எளிமையான ஒரு வழி இருக்கிறது. ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு என்று விண்ணப்பங்களை அனுப்பிப் பார்ப்பது. இதில் மிகவும் புகழ்பெற்ற ஆய்வைச் செய்த இருவரில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன். மற்றவர் மரியான் பெர்ட்ராண்ட். பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு. கறுப்பினப் பெயருக்கு 15 அனுப்ப வேண்டியிருந்தது. 2004இல் வெளியானது.

உடனே ஒரு நல்ல எதிர்க்கேள்வி வந்தது. அந்தப் பெயர்கள் இனத்தை மட்டுமா சொல்கின்றன, ஏழை வீட்டுப் பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொல்கின்றனவா? இப்படிக் கேட்பது மறுப்பு ஆகாது, அதுதான் ஆய்வு. பெயர்களை மாற்றி, ஊர்களை மாற்றிப் பிறகு பலர் செய்து பார்த்தார்கள். பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு நஃபீல்டு கல்லூரி ஆய்வாளர்கள் சமையல் வேலை முதல் சாப்ட்வேர் வேலை வரை 3,200 விண்ணப்பம் அனுப்பினார்கள். 2019இல் வந்த முடிவு: பெரும்பான்மை வெள்ளையருக்கு 100க்கு 24 அழைப்பு, சிறுபான்மையினருக்கு 15. 24க்கும் 15க்கும் நடுவில் இருக்கும் 9 பேர் யார் என்று அந்த 9 பேருக்கே தெரியாது. அதனால் அவர்களால் புகாரும் கொடுக்க முடியாது.

பல்கலைக்கழகங்களுக்குள்ளேயும் இதே கதைதான். பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2019இல் பார்த்தபோது, சிறுபான்மை மாணவர்களில் 24 சதவீதம் பேர் படிக்க வந்தபின் இனரீதியான தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தொல்லையைச் சந்தித்த மாணவர்களில் மூன்றில் இரண்டு பேர் நிர்வாகத்திடம் சொல்லவே இல்லை. நிர்வாகங்களோ, நடந்தால் நம்மிடம் சொல்லியிருப்பார்களே என்று நம்பிக்கொண்டிருந்தன.

அடுத்தது 2021. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு பிரிட்டனிலும் பெரிய போராட்டங்கள். போரிஸ் ஜான்சன் அரசு ஒரு ஆணையம் அமைத்தது. தலைவர் டோனி சூவெல், ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர், நிறுவன இனப்பாகுபாடு என்ற கருத்தை முன்பே கேள்வி கேட்டவர். மார்ச் 31 அன்று வந்த அறிக்கை, சிறுபான்மையினருக்கு எதிராக “வேண்டுமென்றே” வளைக்கப்பட்ட அமைப்பாக பிரிட்டனை இனி பார்க்க முடியாது என்றது. கவனித்தீர்களா? 1981இன் முதல் பாதி திரும்பி வந்துவிட்டது.

அந்த அறிக்கையில் கனமான வாதமும் இருந்தது. பள்ளித் தேர்வுகளில் ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் கரீபியக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்கிறார்கள். இரண்டு பேரும் கறுப்பினத்தவர்தான். நிறம் ஒன்றே காரணம் என்றால் இந்த வித்தியாசம் ஏன் என்று அது கேட்டது. நியாயமான கேள்வி. எல்லா ஏற்றத்தாழ்வுக்கும் இனவெறி என்று ஒரே பதில் சொல்பவர்கள் இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். சூவெல்லைத் தனிப்பட்ட முறையில் வசைபாடியவர்கள் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வி 24க்கும் 15க்கும் இடையிலான இடைவெளியை விளக்காது. அங்கே படிப்பும் அனுபவமும் ஒன்றுதானே. இத்தகைய சோதனைகளை அறிக்கை குறிப்பிட்டுவிட்டு, அன்றாட வாழ்வில் எந்த அளவுக்கு நடக்கிறது என்று சொல்ல இவற்றை நம்ப முடியாது என்று நகர்ந்துவிட்டது. கர்ப்பத்திலோ பிரசவத்தை ஒட்டியோ இறக்கும் கறுப்பினத் தாய்மார் விகிதம் வெள்ளையரைப் போல நான்கு மடங்கு என்று அப்போது கணக்கு இருந்தது. அந்த மரணங்கள் எண்ணிக்கையில் குறைவு என்று அதையும் கடந்தார்கள். எண்ணிக்கை குறைவு என்பது சரிதான். இறந்த தாயின் வீட்டில் போய் அதைச் சொல்ல முடியுமா?

[திரையில்: 2023 மார்ச் 21.]

கடைசியாக லூயிஸ் கேசி அறிக்கை. லண்டன் காவல்துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரரே சாரா எவரார்ட் என்ற பெண்ணைக் கடத்திக் கொன்றதைத் தொடர்ந்து, அந்தக் காவல்துறையை உள்ளே புகுந்து பார்த்த அறிக்கை இது. மக்ஃபர்சனுக்கு 24 ஆண்டு கழித்து, நிறுவன இனப்பாகுபாடு அங்கே இன்னும் இருக்கிறது என்றது. பெண்கள் மீதும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் மீதும் உள்ள பாகுபாட்டையும் சேர்த்துச் சொன்னது. ஆணையர் மார்க் ரவ்லி அறிக்கை கண்டறிந்தவற்றை ஏற்றார், மன்னிப்புக் கேட்டார். “நிறுவன” என்ற அந்தச் சொல்லை மட்டும் பயன்படுத்த மாட்டேன், அதற்குப் பல பொருள் இருக்கிறது, அது அரசியலாகிவிட்டது என்றார்.

கேசி ஆய்வில் ஒரு எண் இருக்கிறது. அதே காவல்துறையில் வேலை பார்க்கும் கறுப்பின அதிகாரிகள், ஊழியர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட 81 சதவீதம் அதிகம். சீருடை போட்டவர்களுக்கே இந்த நிலை. குற்றச்சாட்டை எழுதிய மேலதிகாரி யார், அதே சின்னத் தவறுக்கு யாரைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பினார், யார் மேல் காகிதம் போட்டார் என்பதெல்லாம் அவர்களுடைய பதிவேடுகளிலேயே இருக்கும். ஸ்கார்மன் எழுதிய இரண்டாவது பாதிக்கு விடை தேட, அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். எந்த அதிகாரியும் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை.