இரும்பு மாத்திரையும் காலைக் காபியும்

நேயர்களே, வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே, அந்தச் சிவப்பு மாத்திரையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். பல வீடுகளில் அது சாமி படத்துக்குப் பின்னாலோ ஃப்ரிட்ஜ் மேலேயோ பிரிக்காத அட்டையாகவே கிடக்கிறது. தவறாமல் போடுகிறவர்களிலும் பலர் காலைக் காபியோடு போட்டுக்கொள்கிறார்கள். பாதி பலன் அங்கேயே போய்விடுகிறது.

மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்ற பி வகை வைட்டமினும் இருக்கின்றன. நாலாம் மாதம் தொடங்கி தினம் ஒன்று, 180 நாளுக்குக் குறையாமல். பிள்ளை பிறந்த பிறகும் இன்னொரு 180 நாள்.

இவ்வளவு எதற்கு? ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு உடம்புக்கு வேண்டும். அதில் சுமார் 300 குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும். அதைவிட அதிகம் தாயின் ரத்தம் பெருகுவதற்கே செலவாகிறது. கடைசி மூன்று மாதத்தில் குழந்தை தனக்கென்று இரும்பைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதனால் பிறந்த முதல் ஆறு மாதம் அந்தச் சேமிப்புதான் அதற்குக் கைகொடுக்கிறது. மூளை நரம்புகளுக்கு மேலுறை உருவாகவும் இதே இரும்புதான் வேண்டும்.

"கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடுகிறேனே, போதாதா?" என்று கேட்பீர்கள். சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் அரிசி, பருப்பு, கீரையில் உள்ள இரும்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு உடம்பில் சேர்ந்தாலே அதிகம். பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், உண்மையிலேயே கை கொடுக்கும். நன்றாக வேகவைக்க வேண்டும். ஈரலில் மட்டும் அளவு தேவை. அதிலுள்ள வைட்டமின் ஏ முதல் மூன்று மாதத்தில் அளவு மீறினால் குழந்தைக்கு ஆகாது.

சரி, மாத்திரையை எப்போது போடுவது? காபி, டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அதன் வழியை மறிக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரைக்கு முற்பகல் 11 மணி தோதான நேரம்: காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும். அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்த தண்ணீரோடு விழுங்கலாம். இல்லையென்றால் ஒரு நெல்லிக்காயோ இரண்டு துண்டு கொய்யாவோ உடன் சாப்பிடலாம். வயிற்றைப் புரட்டினால் படுக்கப் போகும் முன் போடுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையா, சாப்பாட்டுக்குப் பிறகே போடுங்கள். உடம்பில் கொஞ்சம் குறைவாகத்தான் சேரும். ஆனாலும் அடியோடு நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல்.

மலம் கருப்பாகப் போகும். உடம்பில் சேராத இரும்புதான் அது, பயப்பட எதுவும் இல்லை. மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் பழமும் காயும் கூட்டுங்கள். பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று பெரியவர்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறம் பெற்றோர் வழியில் வருவது, மாத்திரையால் வருவதில்லை.

ஒரு அடையாளம் சொல்கிறேன், வீட்டில் இருப்பவர்கள் கவனியுங்கள். கர்ப்பிணிப் பெண் பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்கிறாளா, திருநீற்றையோ சாம்பலையோ மண்ணையோ நாக்கில் போட்டுக்கொள்கிறாளா? மசக்கை என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். இரும்புக் குறைவில் இந்த ஆசை அடிக்கடி வரும். அந்த வாரமே ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்கும் 11-க்கும் நடுவே இருந்தால் தினம் இரண்டு மாத்திரை தருவார்கள். ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குடற்புழுவா, பி12 குறைவா, பரம்பரை ரத்தக் கோளாறா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். ஊசி வழியாக இரும்பு ஏற்றவும் வேண்டியிருக்கும். குடற்புழு மாத்திரை முதல் மூன்று மாதம் முடிந்த பிறகுதான்.

அந்த மாத்திரையில் கூடவே இருக்கும் ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டில்தான் தொடங்கியது. 1920-களின் கடைசியில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், துணி ஆலையில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாவதைக் கண்டார். அதில் இருந்த சத்தைப் பின்னால் 1941-இல் கீரையிலிருந்து பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் பெயர் வைத்தார்கள்.

இதில் நாம் கோட்டைவிடுவது நேரத்தை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே பிள்ளைக்குத் திட்டமிடும்போதே, ஒரு மாதமாவது முன்னால், தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்கி மூன்றாம் மாதம் வரை விடாமல் போட வேண்டும். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்திருந்தால் அளவு பத்து மடங்கு, அதாவது 4 மில்லிகிராம். அது டாக்டர் எழுதித் தர வேண்டியது. கீரையை மட்டும் நம்ப முடியாது. வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் இந்தச் சத்தில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும்.

கடைசியாக ஒன்று. அந்த மாத்திரை சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு மிட்டாய் மாதிரியே இருக்கும். வீட்டில் தவழ்கிற, நடக்கிற பிள்ளை இருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு கை அளவு மாத்திரையே உயிருக்கு ஆபத்து. விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மீதி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை குறைந்திருக்கிறது என்று டாக்டர் முதலில் அதைத்தான் எண்ணிப் பார்ப்பார்.